நான்கு மணி நேர மின்சாரம்

சரித்திரம் என்றதும் நமக்கு அரசர்கள் நினைவுக்கு வருகிறார்கள். படையெடுப்புகளும் ஒப்பந்தங்களும் நினைவுக்கு வருகின்றன. சமையலறை அடுப்புக்கும் கூடத்து விளக்குக்கும் கூட ஒரு சரித்திரம் உண்டு என்பது சாதாரணமாகத் தோன்றுவதில்லை. அவை ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும் வரையில் அவற்றைப் பற்றி நினைக்க என்ன இருக்கிறது? ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றால் மெழுகுவத்தி தேடுகிறோம். ஒரு நாள் நின்றால் சர்க்காரைத் திட்டுகிறோம். மூன்று நாள் நின்றால் உறவினர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். பத்தரை மாதம் நின்றால் என்ன செய்வோம்? அதுவும் நம் வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கே நின்றால்? போவதற்கு வேறு வீடும் இல்லையென்றால்?

இப்படி ஒரு நிலைமை இருபது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தது. இடம், பெர்லின் நகரம். நாள், 1948 ஜூன் 24.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு ஜெர்மனியை நான்கு வல்லரசுகள் பங்கு போட்டுக்கொண்டன. தலைநகரான பெர்லினையும் தனியாக நான்கு பங்காக்கினார்கள். கிழக்குப் பகுதி ரஷ்யாவுக்கு. மேற்குப் பகுதி அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூவருக்கும். இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், பெர்லின் நகரமே ரஷ்யர் வசமிருந்த நாட்டுப்புறத்தின் நடுவில், எல்லையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. மேற்குப் பெர்லின் வாசிகளுக்கு அரிசி பருப்பு வர வேண்டுமானால் (அவர்களுக்கு அரிசி பருப்பு அல்ல, கோதுமையும் உருளைக்கிழங்கும்) ரஷ்யர் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். மின்சாரத்தின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

1948 ஜூன் மாதம் மேற்கத்திய வல்லரசுகள் தங்கள் பகுதியில் புது நாணயத்தை வெளியிட்டன. தகராறு முற்றியது. ரயில் பாதை, சாலை, கால்வாய் எல்லாவற்றையும் ரஷ்யர் அடைத்தார்கள். மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். காரணம் கேட்டதற்குத் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று பதில் வந்தது. உலகத்தில் எந்த ஊரில் விளக்கு அணைந்தாலும் இந்த ஒரே பதில்தான் வரும் போலிருக்கிறது!

மேற்குப் பெர்லினில் அன்று இருந்த கையிருப்பு இவ்வளவுதான்: உணவு 36 நாளைக்கு, நிலக்கரி 45 நாளைக்கு.

அடைக்க முடியாமல் ஒரே ஒரு வழி மிஞ்சியிருந்தது. 1945 நவம்பரில் மூன்று ஆகாயப் பாதைகளைப் பற்றி நான்கு வல்லரசுகளும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். சாலையைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ அப்படி எழுதி வாங்கியிருக்கவில்லை. கூட்டாளிகளாகச் சேர்ந்து யுத்தம் செய்தவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நம் குடும்பங்களில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையின்போது பொதுக் கிணற்றைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுகிறார்கள் அல்லவா? அதைப் போலத்தான்.

ஆகவே, ஆகாய வழியாகவே நகரத்துக்குச் சோறு போடுவது என்று தீர்மானமாயிற்று. இந்த விமானப் போக்குவரத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. விமானிகளின் சாகசத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதைவிட ஆச்சரியமாகத் தோன்றுவது, அதற்கு முன்னால் யாரோ சில உத்தியோகஸ்தர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு. ஒரு பெரிய வீட்டின் மளிகைக் கணக்கைப் போல, ஒரு நகரத்துக்குத் தினமும் என்னென்ன வேண்டும் என்று எழுதினார்கள். மாவும் கோதுமையும் 646 டன். சர்க்கரை 180 டன். உலர்ந்த உருளைக்கிழங்கு 180 டன். உப்பு 38 டன். காப்பி 11 டன். குழந்தைகளுக்கென்று பால் 5 டன். உணவு மொத்தம் 1,534 டன். நிலக்கரியும் எண்ணெயும் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 5,000 டன். ஆரம்பத்தில் கையிலிருந்த விமானங்களால் 700 டன்தான் கொண்டுவர முடியும்!

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது, நல்ல குடும்பத்துப் பெண்மணி ஒருத்தி பக்கத்தில் நின்று யோசனை சொல்லியிருப்பாளோ என்று எனக்குத் தோன்றியது. உருளைக்கிழங்கை ஏன் உலர்த்திக் கொண்டுவந்தார்கள்? பச்சைக் கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை விமானத்தில் சுமப்பானேன்? ரொட்டியாகச் சுட்டுக் கொண்டுவராமல் மாவாகக் கொண்டுவந்ததற்கும் அதுவே காரணம். நம் வீடுகளில் வற்றலும் வடாமும் போடுகிறவர்களுக்கு இந்தச் சூட்சுமத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உலர்ந்த கிழங்கின் ருசியைப் பற்றிப் பெர்லின்வாசிகள் நல்ல வார்த்தை ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

உப்பில் வேறொரு சங்கடம் வந்தது. உப்பு விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். கடல் தண்ணீரில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட பிரிட்டிஷ் படகு விமானங்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஆகையால் அவை உப்பு மூட்டைகளைச் சுமந்துகொண்டு பெர்லினிலுள்ள ஹாவல் ஏரியில் வந்து இறங்கின. குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோகும் என்றதும் அதற்கும் வேறு ஏற்பாடு செய்தார்கள்.

1948 ஜூலை மாதக் கடைசியில் டன்னர் என்ற அமெரிக்க ராணுவத் தளபதி பொறுப்பேற்றார். அவர் கொண்டுவந்த விதிகளில் ஒன்று என் மனத்தைக் கவர்ந்தது. இறங்கும்போது ஒரு விமானி தவறிவிட்டால், வட்டமடித்துவிட்டு மறுபடி இறங்கிப் பார்க்க அனுமதி கிடையாது. சரக்கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய்விட வேண்டும். கேட்பதற்குக் கடுமையாக இருக்கிறது. ஆனால் ஒருவருக்காக வரிசை நின்றால், பின்னால் வருகிற அத்தனை பேரும் வானத்தில் காத்திருக்க வேண்டும். நெருக்கடி நாளில் வரிசையைக் காப்பாற்றுவதே பெரிய தர்மம் என்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

விமானங்கள் கொண்டுவந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. அத்தனையும் கொண்டுவந்தும் வீடுகளுக்குக் கிடைத்த மின்சாரம் எவ்வளவு தெரியுமா? நாளைக்கு நான்கு மணி நேரம். அதுவும் ஒரேயடியாக அல்ல. பகலில் இரண்டு மணி, இரவில் இரண்டு மணி. பேட்டைக்குப் பேட்டை முறை வைத்து, நேரத்தை மாற்றி மாற்றி விட்டார்கள். டிராம் வண்டிகள் மாலை 6 மணியோடு நின்றன. சமையல் வாயுவும் பாதியாகக் குறைந்தது.

நான் கதை எழுதுகிறவன். ஆகவே இந்த இடத்துக்கு வந்ததும் என் மனம் கணக்கை விட்டுவிட்டு ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. குண்டு விழுந்து பாதி இடிந்த வீடு. கணவன் யுத்தத்திலிருந்து திரும்பவில்லை. இந்த வாரம் அந்தப் பேட்டைக்கு மின்சாரம் வருகிற முறை நள்ளிரவுக்குப் பிறகு. இரண்டு மணிக்கு விளக்கு எரிகிறது. அந்தப் பெண் எழுந்திருக்கிறாள். அடுப்பில் மறுநாள் சூப்பை வைக்கிறாள். அது கொதிப்பதற்குள் பையனுடைய சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். வானொலியை மெதுவாக வைத்துச் செய்தி கேட்கிறாள். கிழிந்த காலுறையைத் தைக்கிறாள். தலைக்கு மேலே விமானம் போகிற சத்தம் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கிறது. நான்கு மணிக்கு விளக்கு அணைகிறது. சூப்புப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். இவள் என் கற்பனைப் பெண்தான். ஆனால் நள்ளிரவில் எழுந்து சமைத்ததும் துணி தேய்த்ததும் அந்த நகரத்தில் வீட்டுக்கு வீடு நடந்த காரியம்.

யோசித்துப் பாருங்கள். அவளுக்குக் கிடைத்தது மிகக் கொஞ்சம். ஆனால் எப்போது கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துப் பேட்டைக்காரிக்கும் அதே நான்கு மணி நேரம்தான் என்பதும் தெரிந்திருந்தது. இந்த இரண்டும் தெரிந்திருந்ததால்தான் அவள் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு குடும்பத்தையே நடத்த முடிந்தது. எட்டு மணி நேரம் மின்சாரம் கொடுத்து, எந்த எட்டு மணி என்று சொல்லாமல் விட்டிருந்தால் அவள் திண்டாடிப்போயிருப்பாள். நம் ஊரில் மின்வெட்டுக் காலங்களை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் சுகமாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நவம்பரில் மூடுபனி கவிந்தது. ஒரு நாள் புறப்பட்ட 42 விமானங்களில் ஒன்றுதான் பெர்லினில் இறங்க முடிந்தது. ஒரு சமயம் நகரத்தில் ஒரு வாரத்துக்கான நிலக்கரியே மிஞ்சியிருந்தது. குளிர்காலம் முழுவதற்கும் ஒரு குடும்பத்துக்குக் கணப்பு மூட்டக் கொடுத்த நிலக்கரி சுமார் 12 கிலோ. அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் குளிர்காய முடியும்? மரங்களை வெட்டினார்கள். தொழிற்சாலைகள் மூடியதால் பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். இந்த விமானப் போக்குவரத்தில் 39 பிரிட்டிஷாரும் 31 அமெரிக்கரும் விபத்துகளில் உயிர் துறந்தார்கள். மூன்று வருஷங்களுக்கு முன்னால் இதே நகரத்தின்மீது குண்டு போட்ட தேசங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

இவ்வளவு கஷ்டத்துக்கும் நடுவில் ரஷ்யர் ஓர் அழைப்பு விடுத்தார்கள். மேற்குப் பெர்லின்வாசிகள் கிழக்குப் பகுதிக்கு வந்து பெயரைப் பதிந்துகொண்டால் அங்கே ரேஷன் கிடைக்கும் என்றார்கள். வெகு சிலரே போனார்கள். பெரும்பாலோர் போகவில்லை. இதற்கு அரசியல் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தன் வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவாகப் பரிமாறுகிறார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறவன், அரை வயிறானாலும் அடுத்த வீட்டுப் பந்திக்கு ஓடுவதில்லை என்பதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். வீட்டில் மின்சாரம் இல்லையென்றால் வானொலி பேசாது. வானொலி பேசாத ஊரில் வதந்திதான் பேசும். இதை உணர்ந்த மேற்குப் பெர்லின் வானொலி நிலையத்தார் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளைத் தெருத் தெருவாக அனுப்பிச் செய்தி வாசிக்கச் செய்தார்கள். 1948 கிறிஸ்துமஸ் தினத்தன்று 'தீவுவாசிகள்' என்ற ஹாஸ்ய நிகழ்ச்சியையும் தொடங்கினார்கள். தங்கள் அவல நிலைமையைத் தாங்களே பரிகாசம் செய்துகொள்ளும் நிகழ்ச்சி அது. முற்றுகை முடிந்த பிறகும் பல வருஷங்கள் நடந்தது.

அந்தக் காலத்தில் நகரத்தின் தலைவராக விளங்கியவர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர். 1948 செப்டம்பர் 9-ஆம் தேதி லட்சக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் அவர் ஆற்றிய பிரசங்கத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் அவர் வெறும் பிரசங்கி அல்ல. நகரசபையில் போக்குவரத்தையும், மின்சாரம், தண்ணீர் முதலிய வசதிகளையும் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்ற விவகாரங்களில் ஊறியவர். மேற்குப் பெர்லினில் ஒரு மின்நிலையம் இருந்தது. 1945-ல் ரஷ்யர் அதன் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முற்றுகையின் நடுவிலேயே, புது இயந்திரங்களின் பாகங்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து அதைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். பசித்தவனுக்குச் சோறு போடுகிற விமானத்தில் மின்நிலையத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள்! அந்த நிலையம் 1949 டிசம்பரில் மின்சாரம் கொடுத்தது. ராய்ட்டர் 1953-ல் காலமானதும் அதற்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

1949 மே 12-ஆம் தேதி முற்றுகை நீங்கியது. என் அபிப்பிராயத்தில் சரித்திரம் சுவாரஸ்யமாகத் தொடங்குவது இதற்குப் பிறகுதான். கஷ்டத்தைச் சகித்துக்கொள்ள மனிதர்களுக்குத் தெரியும். கஷ்டம் போன மறுநாள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. மழை நின்றதும் குடையை எங்கே வைத்தோம் என்று தேடுகிற ஜாதி நாம்.

மேற்குப் பெர்லின் குடையைத் தொலைக்கவில்லை. மேற்கத்திய வல்லரசுகளின் உத்தரவுப்படி, நகர அரசாங்கமான ஸெனட் ஒரு பெரிய சேமிப்பை ஏற்படுத்தியது. மறுபடி முற்றுகை வந்தால் 180 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது இலக்கு. உணவு, மருந்து, நிலக்கரி, துணிமணி எல்லாவற்றையும் நகரத்தில் நூற்றுக்கணக்கான கிடங்குகளில் அடுக்கினார்கள். சைக்கிள்களும் வாங்கிவைத்தார்கள். இரவில் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்ளும் பாத்திரங்களையும் மறக்கவில்லை. தண்ணீர்க் குழாய் நின்றால் கழிவறை என்னவாகும் என்பதை யாரோ ஒரு புண்ணியவான் வெட்கப்படாமல் யோசித்திருக்கிறார்!

ஒரு முறையையும் விடாமல் கையாண்டார்கள். பழைய சரக்கு கெட்டுப்போவதற்கு முன்னால் எடுத்து மலிவு விலைக்கு ஜனங்களுக்கு விற்றுவிட்டுப் புதியதை அடுக்கினார்கள். சேமிப்பு என்பது பூட்டிவைப்பது அல்ல, புழங்கிக்கொண்டே இருப்பது என்ற ரகசியம் இதில் இருக்கிறது. குதிரில் பழைய நெல்லை அடியிலிருந்து எடுத்துக்கொண்டு புது நெல்லை மேலே கொட்டிய நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு மூன்று வருஷம் கழித்து வண்டோடு இறக்குகிற நமக்குத்தான் மறந்துவிட்டது.

மின்சாரத்திலும் அந்த நகரம் தனித் தீவாயிற்று. 1952 மார்ச்சில் கிழக்கோடு இருந்த மின் தொடர்பு அறுந்தது. அது முதல் தனக்கு வேண்டியதைத் தானே உற்பத்தி செய்துகொண்டது. ஒரு நிலையம் திடீரென்று நின்றால் தாங்கிப் பிடிக்க 1986-ல் 17 மெகாவாட் சக்தியுள்ள பாட்டரி நிலையம் ஒன்றையும் அமைத்தது. இன்று நம் வீட்டு மாடிப்படிக்கடியில் இருக்கும் இன்வெர்ட்டரின் மிகப் பெரிய அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

சேமித்த பண்டங்களுக்கு என்ன நேர்ந்தது? நாற்பது வருஷம் காத்திருந்தும் அவற்றுக்கு வேலை வரவில்லை. 1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1990-ல் ஜெர்மனி ஒன்றாயிற்று. அந்தக் குளிர்காலத்தில் சோவியத் ரஷ்யாவில் கடுமையான உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மேற்குப் பெர்லின் தன் கிடங்குகளைத் திறந்து உணவையும் மருந்தையும் ரஷ்ய ஜனங்களுக்கு அனுப்பிவைத்தது. எவர் வழியை அடைப்பார்கள் என்று பயந்து சேர்த்தார்களோ, அவர்கள் பசிக்கே அது போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு முடிவை நான் நாவலில் எழுதினால், 'ஆசிரியர் வலிந்து புகுத்தியது' என்று விமரிசகர்கள் எழுதுவார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

இத்துடன் நிறுத்தினால் கதை மங்களகரமாக முடியும். ஆனால் 2019 பிப்ரவரி 19-ஆம் தேதி நடந்ததையும் சொல்லியாக வேண்டும். நகரத்தின் மின்சாரம் 1994 டிசம்பரிலேயே வெளியுலகோடு இணைந்துவிட்டது. பயம் தீர்ந்தது, கிடங்குகள் காலி. அன்று கோபெனிக் என்ற பகுதியில், ஒரு பாலத்தருகே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பூமியைத் துளைத்தபோது மின்சாரக் கேபிளை அறுத்துவிட்டார்கள். ஒன்று அறுந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு கேபிள்கள் போட்டிருந்தார்கள். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் போயின. ஒரே துளையில் இரண்டும் போய்விட்டன. சுமார் 31,000 வீடுகள் 31 மணி நேரம் இருளிலும் குளிரிலும் கிடந்தன. செல்பேசிகள் ஊமையாயின. மருத்துவமனையிலிருந்து தீவிர சிகிச்சை நோயாளிகளை வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கோபெனிக் கிழக்குப் பெர்லினைச் சேர்ந்தது, முற்றுகையை அனுபவித்ததல்ல. ஆனாலும் அதே நகரம்தானே! பத்தரை மாதம் சமாளித்த ஊர் 31 மணி நேரத்தில் தவித்துப்போயிற்று.

மாற்று ஏற்பாடு என்று நாம் வைத்திருப்பது, உண்மையில் மாற்றுத்தானா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு காரியாலயத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அதை ஏற்றுகிற மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். கைக்காசு இல்லாமல் செல்பேசியிலேயே பணம் கொடுத்துவிடலாம். ஆனால் செல்பேசிக்கும் மின்சாரம் வேண்டும். காரியாலயத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. டீசல் கொடுக்கிற பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. எல்லாம் ஒரே பாலத்தின் வழியாகப் போகிற கேபிள்கள்!

ஜெர்மன் அரசாங்கம் 2016-ல் ஜனங்களுக்கு ஒரு யோசனை சொன்னது. ஒவ்வொரு வீட்டிலும் பத்து நாள் உணவும், ஆளுக்குத் தினம் 2 லிட்டர் வீதம் ஐந்து நாள் தண்ணீரும் இருக்கட்டும் என்றது. பலர் சிரித்தார்கள். நம் பாட்டிமார்கள் சிரித்திருக்க மாட்டார்கள். பத்து நாள்தானா என்று கேட்டிருப்பார்கள்.

ஆனால் பண்டங்களைச் சேர்ப்பது பாதி வேலைதான். பெர்லினைக் காப்பாற்றியது வெறும் பண்டம் அல்ல. யாருக்கு முதலில், எவ்வளவு, எந்த நேரத்தில் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அதை எல்லோருக்கும் தெரியச் சொல்லி, சொன்னபடியே நடந்துகொண்டதுதான். வீட்டில் இதை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம். இருக்கிற தண்ணீரில் குடிப்பதற்கு எது, கழுவுவதற்கு எது? இன்சுலின் மருந்தை எந்தப் பானைக்குள் வைப்பது? தெருவில் படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர் யார், அவர் வீட்டுக்கு யார் போய்ப் பார்ப்பது? முக்கியமான விலாசங்களும் எண்களும் காகிதத்தில் எழுதியிருக்கின்றனவா? காரியாலயமானால், எந்த வேலையை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது என்று ஒரு பட்டியல் வேண்டும். இதற்கெல்லாம் பணம் செலவில்லை. விளக்கு எரிகிறபோது பேசினால் நிதானமாகப் பேசலாம். அணைந்த பிறகு பேசினால் சண்டையாக முடியும்.

பெர்லினுக்குப் போகிறவர்கள் இன்றும் நடைபாதை ஓரங்களில் பழைய இரும்பு அடிபம்புகளைப் பார்க்கலாம். நகரம் முழுவதும் சுமார் 2,000 இருக்கின்றன. நகரக் குழாயோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை, மின்சாரமும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் அவற்றிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து குடிக்கலாம் என்பதற்காகவே பராமரித்து வருகிறார்கள். சாதாரண நாட்களில் அவற்றால் பெரிய உபயோகம் ஒன்றுமில்லை. குழந்தைகள் போகிறபோக்கில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து விளையாடுகிறார்கள். தண்ணீர் வருகிறது. வருகிறதா என்று பார்த்துவிட்டார்கள் அல்லவா? அதுவே போதும்.